குழாயில் இல்லை குதிரை

எஞ்சினின் பலம் புகைக்குழாயில் இருக்கிறது என்று நம்பும் ஒரு தலைமுறை மலையகத்தில் வளர்ந்துவிட்டது. அந்த நம்பிக்கை பொய். நம்புகிறவனின் பையைக் காலி செய்யும் பொய். அவனுடைய அயலவரின் உறக்கத்தைக் கெடுக்கும் பொய். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபிக்க விரும்பும் அன்பர்கள் இங்கேயே கோபித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மேலே வாசிக்கலாம்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை. பழைய மாருதி அல்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்திருக்கிறார். "ஐயா, ராகலை ஏற்றத்தில் வண்டி இழுக்குதில்லை. மெனிபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் போட்டால் பவர் கூடும் என்று கராஜில் சொல்கிறார்கள். குழாய், சைலன்சர், கூலி எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் கேட்கிறார்கள். போடலாமா?" இதுதான் கேள்வி.

போடாதீர்கள் தம்பி, என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவரல்லர். கந்தப்பளையிலும் அட்டனிலும் தலவாக்கலையிலும், ஏன், ஸ்காபரோவிலும் சிங்கப்பூரிலும்கூட நம் பிள்ளைகள் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெடர் என்பது என்ன? எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிந்து முடிந்த வாயு வெளியேற ஒரு வாசல் உண்டு. அந்த வாசல்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரே குழாயில் விடுவது மெனிபோல்ட். கம்பனிக்காரன் அதைப் பெரும்பாலும் வார்ப்பிரும்பில் குட்டையாகச் செய்துவிடுகிறான். மலிவு, நீண்ட ஆயுள், இடமும் அடைக்காது. குறை என்னவென்றால், ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வரும் வாயு அடுத்த சிலிண்டரின் வாசலில் போய் முட்டும். ஹெடர் இதற்கு மாற்று. ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியே நீண்ட குழாய். கூடுமானவரை சம நீளம். பிறகு எல்லாம் ஓரிடத்தில் கூடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கும் இரண்டாகி, இரண்டும் ஒன்றானால் 4-2-1. நான்கும் நேரே ஒன்றானால் 4-1.

இதன் சூட்சுமம் வெறும் "தாராளமாக மூச்சு விடுவது" அன்று. வாயு வெளியே பாயும்போது குழாயினுள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அது குழாய்கள் கூடும் இடத்தைத் தொட்டதும், அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வாசலை நோக்கி வருகிறது. உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒரே சமயத்தில் சிறிது திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துப் புதுக் காற்று உள்ளே நுழைய வழிவிடும். அழகான பொறியியல், நான் மறுக்கவில்லை. ஆனால் குழாயின் நீளம் மாறாதது. எஞ்சினின் சுற்றோ நொடிக்கு நொடி மாறுவது. ஆகவே அலை சரியான நேரத்தில் வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட சுற்று எல்லைக்குள் மட்டுமே. பந்தயக்காரன் அந்த எல்லையை உயர் சுற்றில் வைக்கிறான்; ஏனென்றால் அவன் எஞ்சின் அங்கேதான் வாழ்கிறது. உடப்புசல்லாவைத் தம்பியின் எஞ்சின் வாழ்வதோ இரண்டாயிரத்துக்கும் நான்காயிரத்துக்கும் இடையில்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்குக்குக் கோபம் வராது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ எண்பது சதவீதமே. டர்போ இல்லாத எஞ்சின் எதுவாயினும், கொழும்பில் காட்டும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மலையில் இழக்கிறது. கந்தப்பளை, ராகலை, புரூக்சைட், ஹல்கரனோயா வழியாக உடப்புசல்லாவைக்குப் போகும் பாதை முழுவதும் இந்த மெலிந்த காற்றில்தான் கிடக்கிறது. தம்பியின் அல்டோ 800 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 47 குதிரைவலு. நுவரெலியாவில் அது 37 அல்லது 38. வண்டி இழுக்காததன் முதற்காரணம் இதுதான். குற்றவாளி மெனிபோல்ட் அல்ல, மலை.

அப்படியானால் அந்த 37 போதுமா? நான்கு பேர் ஏறிய அல்டோவின் மொத்த எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் ஏறுகிற ஏற்றத்தில், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அதைத் தூக்கிச் செல்ல வேண்டியது பதின்மூன்று குதிரைவலு. டயர் உருளும் தடை, காற்றின் தடை, கியர்ப்பெட்டியில் வீணாவது எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபதைத் தாண்டாது. கையிருப்பு 37, தேவை 20. இழுக்கவில்லை என்றால் கியரை இறக்கவில்லை என்று பொருள். அல்லது எஞ்சினில் வேறு ஏதோ கோளாறு என்று பொருள்.

ஹெடர் என்ன தரும்? எஞ்சினில் வேறெதையும் தொடாமல், கம்பனி வண்டியில் குழாயை மட்டும் மாற்றினால், நன்றாகச் செய்த ஹெடரிலும் ஐந்து சதவீதம் கிடைத்தாலே பெரிது. அதுவும் உச்சச் சுற்றில். 37இல் ஐந்து சதவீதம் இரண்டு குதிரை. இரண்டு குதிரைக்கு எண்பதாயிரம் ரூபாய்! ஆயிரம் கிலோவில் ஐந்து சதவீதம் ஐம்பது கிலோ. வண்டியின் பின்னால் கிடக்கும் ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்தால் ஏற்றத்தில் அதே பலன் கிடைக்கும், செலவு இல்லை. அரிசியும் வீட்டில் இருக்கும்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். ஹெடர் விற்பவர்கள் அடிக்கடி சொல்வது, "பின்னழுத்தம் குறையும்" என்பது. மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. புகை வெளியேறுவதற்கு எதிர்ப்பு ஏற்கனவே குறைந்துதான் இருக்கிறது. மலையில் எஞ்சினுக்குப் பஞ்சம் உள்ளே வரும் காற்றில். வெளியே போகும் புகையில் பஞ்சமில்லை. பசித்தவனுக்குச் சோறு போடாமல் பேதி மருந்து கொடுக்கிற வைத்தியம் இது.

முச்சக்கரவண்டிக்காரர்களின் கதை இதைவிடப் பரிதாபம். ஹெடரின் மகிமையில் பெரும்பங்கு பல சிலிண்டர்களின் மூச்சுகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் ஓட்டோவில் எது எதனோடு மோதும்? அங்கே மாற்றப்படும் குழாய் தருவது பெரும்பாலும் சத்தத்தையே. நுவரெலியாவில் ஒரு கராஜில் இதை நான் வாதிட்டபோது, வேலை செய்துகொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "சேர், சத்தம் வந்தாத்தான் பவர் வந்த மாதிரி இருக்கும்." அந்தத் தொழிலைப் பற்றி இதைவிட நேர்மையான வாக்குமூலம் எனக்குக் கிடைத்ததில்லை. வந்த மாதிரி இருக்கும். அந்த "மாதிரி"க்குத்தான் விலை.

விலை எண்பதாயிரத்தோடு முடிவதுமில்லை. பல சிறிய கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் மெனிபோல்டை ஒட்டியே இருக்கும். ஹெடர் போடுகிறவர் அதையும் கழற்றிவிடுவார். அதனுள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்கிற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதற்குத் தனிச் சந்தை உண்டு. கழற்றிய பழசு எங்கே என்று எத்தனை பேர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்? அடுத்தது ஒட்சிசன் சென்சர். அது இடம் மாறினாலோ, குழாய்ப் பொருத்தில் காற்றுக் கசிந்தாலோ, எஞ்சினின் கணினிக்குத் தவறான தகவல் போகும். அது பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று காருக்கு வாரம் 20 லீற்றரும் ஓட்டோவுக்கு 5 லீற்றரும் வாங்கிய நாட்டில், பெற்றோலை வீணாக்கும் குழாய்க்குக் காசு கொடுக்கிறோம். மலைப்பனியிலும் ஈரத்திலும் மெல்லிய தகட்டுக் குழாய் துருப்பிடித்து, சூடேறிக் குளிர்ந்து, பற்றுவைத்த இடத்தில் வெடிக்கும். அப்போது அந்த இரண்டு குதிரைகளும் ஓடிப்போயிருக்கும்.

நிற்க. "என் வண்டி, என் காசு, உமக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

மலையகத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயன் அறைகளில் வாழ்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். பாதை பல இடங்களில் லயத்துக்கு மேலேயே வளைந்து போகிறது. பள்ளத்தாக்கு சத்தத்தை வாங்கி எதிர் மலையில் அடித்துத் திருப்பித் தருகிறது. விடியுமுன் எழுந்து, பிள்ளைக்குச் சமைத்து வைத்து, பிரட்டுக்களத்துக்குப் போகிற ஒரு தாய்க்கு இரவு பதினொரு மணிக்கு அந்தப் பாதையில் துப்பாக்கி வெடிப்பதுபோல் ஓர் அல்டோ ஏறினால் என்ன ஆகும்? அவளிடம் யார் அனுமதி கேட்டது? சத்தம் பத்து டெசிபல் கூடினால் காதுக்கு அது இரு மடங்காகக் கேட்கும் என்பது பொதுவான அளவு. வண்டி உம்முடையதுதான் தம்பி, இரவு எல்லோருடையது.

அந்தத் தாயின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன். 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று போராடிப் போராடி ஏறியது நாட்கூலி. 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாய் அடிப்படைக் கூலியும் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவும் என்று 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அந்த 1,750 ரூபாயும் ஒரு காசு கழியாமல் கைக்கு வந்தாலும், எண்பதாயிரம் என்பது நாற்பத்தாறு நாள் கொழுந்து. நாற்பத்தாறு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்த கொழுந்து. அதை ஒரு குழாய்க்குள் விட்டு ஊதுவதற்கு ஒரு மனம் வேண்டும்.

"பந்தயத்தில் பெரியவர்கள் செய்கிறார்களே" என்பது அடுத்த வாதம். செய்கிறார்கள். நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஹெடருக்கு அங்கே ஒரு பொருள் உண்டு. பாதை மூடப்படுகிறது, எஞ்சின் அளவுக்கேற்ப வகுப்புப் பிரிக்கப்படுகிறது, நொடியின் பின்னங்களுக்குப் போட்டி. அதற்காக எஞ்சினின் தலையையும் காம் தண்டையும் எரிபொருள் கணக்கையும் சேர்த்தே மாற்றியிருப்பார்கள். ஹெடர் அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், தலைவர் அல்லர். தனியாகக் கழற்றி வந்து அல்டோவில் மாட்டுவது, பாகவதரின் தம்புராவை வாங்கி வந்தால் பாட்டு வரும் என்று நம்புவதைப்போல.

அந்தப் பெரியவர்களின் விளையாட்டும் எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் விலகிப் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஓர் எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். மூடிய தடத்திலேயே இப்படி என்றால், எதிரே பஸ் வருகிற, ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற பாதையில் எப்படி?

உண்மையில் மலைப்பாதையில் உயிரைத் தீர்மானிப்பது ஏறும் பலம் அன்று. இறங்கும்போது நிற்கும் பலம். ஏறும்போது பதின்மூன்று குதிரைகள் தூக்கிய வண்டியை, அதே சரிவில் அதே வேகத்தில் இறங்கும்போது அதே பதின்மூன்று குதிரைகளின் வலுவோடு மலை கீழே இழுக்கிறது. அவற்றைக் கட்டிப்போட வேண்டியவை பிரேக்கும் தாழ்ந்த கியரும் மட்டுமே. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் மாண்டார்கள். 2025 மே 11இல் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இவற்றில் எதுவும் எஞ்சினில் பலம் போதாததால் நேரவில்லை. ஆனால் நம் கராஜ்களில் "பவர் கூட்டித் தருகிறேன்" என்கிற பலகை இருக்கிறது. "பிரேக் பார்த்துத் தருகிறேன்" என்கிற பலகைக்கு மவுசு இல்லை. பிரேக் ஒழுங்காக இருந்தால் சத்தம் வராது. அதுதான் அதன் குறை போலும்.

இதுவரை இளைஞர்களோடு பேசினேன். இனி அதிகாரத்தில் இருப்பவர்களோடு.

2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீ லங்கா" என்கிற திட்டத்தின் பெயரால், பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றப் பொலிஸார் இறங்கினார்கள். சங்கங்கள் எதிர்த்தன. சத்தமிடும் குழாய்களைக் கழற்றட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில், தயாரிப்பாளரின் அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் ஹெடர் விற்பவன், அது புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்காது என்று அரசிடம் நிரூபித்து ஆணை எண் பெற வேண்டும். சிங்கப்பூரில் அனுமதியற்ற புகைக்குழாய்க்குத் தண்டனை உண்டு. உலகம் போகும் வழி அதுதான்.

ஆனால் அந்த நாடுகளில் விதி விற்பவனையும் பிடிக்கிறது. இங்கே பிடிபடுவது ஓட்டுகிறவன் மட்டும். குழாய் பகிரங்கமாக விற்கப்படுகிறது. பூட்டும் கராஜுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. பெட்டியில் வந்த குழாய் சுங்கத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. பாதையில் மறிக்கப்படுபவன் லீசிங் கட்டும் தோட்டத்துப் பையன். 2008இலிருந்து வருடாந்தப் புகைப் பரிசோதனை இருக்கிறது. அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. அந்தப் பரிசோதனை புகையைத்தான் அளக்கிறது. சத்தத்தையும் சேர்த்து அளந்து, கட்டலிட்டிக் கொன்வேட்டர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. ஏன் ஓர் இளைஞன் பழைய வண்டியைப் பிடித்து அதில் குதிரை தேடுகிறான்? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்குத் தங்கத்தின் விலை. பாதையோ இன்னும் பழையது. தோட்டப் பாதைகளுக்குப் பிரதேச சபை காசு செலவழிக்க, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்படும்வரை முப்பது வருடங்கள் தோட்டத்து மக்கள் வாக்குப் போட்ட சபையால் தோட்டத்துக்குள் ஒரு கல்லைக்கூடப் போட முடியவில்லை. திருத்தம் வந்து வருடங்கள் ஓடிவிட்டன. கல் வந்து சேராத பாதைகள் இன்னும் எத்தனையோ. குழியில் விழுந்து எழுகிற வண்டி ஏற்றத்தில் இழுக்காதுதான்.

உடப்புசல்லாவை ரயில் பாதை என்று ஒன்று இருந்தது. புதிய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1903க்கும் 1904க்கும் இடையில் திறந்த குறுகிய பாதை. பெயர் உடப்புசல்லாவை, ஆனால் ராகலையோடு நின்றுவிட்டது. 1940களில் அதையும் மூடினார்கள். துரைமாரின் தேயிலைப் பெட்டிகளுக்காக மலையேறிய ரயில், அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்காகத் திரும்பி வரவில்லை. பொதுப் போக்குவரத்து ஒழுங்காக இருந்திருந்தால் கொழும்பில் வேலை செய்யும் தம்பி லீசிங்கில் கார் எடுக்கும் அவசியமே பாதி குறைந்திருக்கும். இதைப் பேசாமல் குழாயை மட்டும் கழற்றுவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது.

ஆனாலும் தம்பி, அரசு தன் கடமையைச் செய்யவில்லை என்பது நீங்கள் ஏமாறுவதற்கு அனுமதிச் சீட்டல்ல. எண்பதாயிரம் கையில் இருந்தால் இதைச் செய்யுங்கள். முதலில் பிரேக் பேட், பின்சக்கரத்து ஷூ, பிரேக் எண்ணெய். அடுத்து, மழையில் பிடிக்கும் டயர் நான்கு. பிறகு காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி. மூன்று சிலிண்டரிலும் கம்பிரெஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய எஞ்சினில் தொலைந்துபோன குதிரைகள் ஐந்தாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஹெடர் தருவதாகச் சொன்ன இரண்டைவிட அதிகம். ராகலை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்குங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை. இறங்கும்போதும் அதே கியரில் இறங்குங்கள்.

மிச்சக் காசை அம்மாவின் கையில் கொடுங்கள். நாற்பத்தாறு நாளில் சில நாளையாவது அவருக்குத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கும்.